ரூ.2 லட்சம் கிராஃபிக்ஸ் கார்டு உங்களுக்குத் தேவையா? எண்கள் சொல்லும் கணக்கு

புத்தலப்பட்டிலிருந்து கிழக்கே போனால் சென்னை ரிச்சி தெரு, மேற்கே போனால் பெங்களூரு எஸ்.பி. ரோடு. சித்தூர், திருப்பதிப் பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு வீடியோ எடிட்டரோ டெவலப்பரோ கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்பினால், உள்ளூரில் கிடைக்காத பாகங்களுக்கு இந்த இரண்டு சந்தைகள்தான் வழி. இல்லையென்றால் ஆன்லைன்.

எங்கே போனாலும் பட்ஜெட்டைத் தூக்கிச் சாப்பிடுவது கிராஃபிக்ஸ் கார்டுதான். என்விடியாவின் ஒரே தலைமுறையில் 299 டாலருக்கும் கார்டு அறிமுகமானது, 1,999 டாலருக்கும் அறிமுகமானது. அதில் பெரிய கார்டான ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 2025 தொடக்கத்தில் இந்தியாவுக்கென அறிவிக்கப்பட்ட விலை 2,14,000 ரூபாய். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆனவருக்கு இது பல மாதச் சம்பளம். அந்தக் காசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

விலை ஏறும் அளவுக்கு வேகம் ஏறுகிறதா?

ஆர்டிஎக்ஸ் 5060-ஐயும் 5090-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

• அறிமுக விலை: 299 டாலர் – 1,999 டாலர் (6.7 மடங்கு)
• கணக்குப் போடும் கோர்கள்: 3,840 – 21,760 (5.7 மடங்கு)
• கார்டில் உள்ள மெமரி: 8 ஜிபி – 32 ஜிபி (4 மடங்கு)
• மெமரியின் வேகம்: நொடிக்கு 448 ஜிபி – 1,792 ஜிபி (4 மடங்கு)
• மின்சாரம்: 145 வாட் – 575 வாட் (4 மடங்கு)

விலை ஏறிய அளவுக்கு வேறு எதுவும் ஏறவில்லை. திரைக்கு வரும்போது வித்தியாசம் இன்னும் சுருங்கும். 1080பி மானிட்டரில் கேம் ஆடும்போது பெரிய கார்டு தன் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, பிராசஸருக்காகக் காத்திருக்கும். 5090-இன் முழு பலம் தெரிவது 4கே திரையில்தான். உங்களிடம் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், கார்டு நொடிக்கு 200 ஃபிரேம் தந்தாலும் திரை காட்டப்போவது 60 தான்.

‘549 டாலருக்கு 4090’ என்றார்களே?

2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில், 549 டாலர் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த பழைய 4090-இன் செயல்திறனைத் தரும் என்றார் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங். ஆனால் அந்தக் கணக்கில் டிஎல்எஸ்எஸ் 4 என்ற வசதியும் அடக்கம். கார்டு உண்மையில் வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையே, ஏஐ உதவியோடு மூன்று ஃபிரேம்கள் வரை உருவாக்கிச் செருகும் வசதி அது.

இதனால் படம் வழவழவென்று ஓடும். ஆனால் உண்மையில் 30 ஃபிரேம்தான் வரைகிறது என்றால், மீட்டரில் 120 என்று காட்டினாலும் மவுஸை அசைத்ததற்குக் கிடைக்கும் பதில் 30 ஃபிரேம் வேகத்தில்தான் இருக்கும். இந்த வசதியை அணைத்துவிட்டுச் சோதித்தபோது 5070, 4090-ஐவிடத் தெளிவாகப் பின்தங்கியது. எனவே எந்த ஒப்பீட்டு வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் ‘ஃபிரேம் ஜெனரேஷன் ஆனா, ஆஃபா?’ என்று பாருங்கள்.

அப்போது எதைப் பார்த்து வாங்குவது?

மெமரியை. வேகம் குறைந்தால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். மெமரி போதவில்லை என்றால் வேலையே நின்றுபோகலாம்.

இதற்கு நல்ல சான்று ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ. 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக வந்தது. சிப் ஒன்றுதான், கோர்கள் அதே 4,608. விலை வித்தியாசம் 50 டாலர் (379, 429). சாதாரண செட்டிங்கில் இரண்டும் ஒரே மாதிரி ஓடும். புதிய கேம் ஒன்றில் உயர்தர டெக்ஸ்சர்களைப் போட்டு 8 ஜிபி நிரம்பிவிட்டால், சின்ன கார்டு திக்கித் திணறும்.

ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் 5060-க்கு 37 டாலர், 5060 டிஐ 16 ஜிபிக்கு 27 டாலர், 5090-க்கு 62 டாலர். இன்டெலின் ஆர்க் பி580 (12 ஜிபி, 249 டாலர்) 21 டாலர்தான். ஆனால் சில ஏஐ, 3டி மென்பொருள்கள் என்விடியாவின் குடாவை நம்பியே எழுதப்பட்டவை. உங்கள் மென்பொருள் எதில் ஓடும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஏஐ வேலைக்கு?

ஏஐ மொழி மாடல் ஒவ்வொரு டோக்கனையும் (சொல் அல்லது சொல்லின் துண்டு) உருவாக்கும்போது ஏறக்குறைய முழு மாடலையும் மெமரியிலிருந்து படிக்கிறது. சுருக்கப்பட்ட 5 ஜிபி மாடல் என்றால் 5060-இன் உச்சவரம்பு 448 ÷ 5, அதாவது நொடிக்குச் சுமார் 90 டோக்கன். நடைமுறையில் இதைவிடக் குறையும், இருந்தும் நாம் படிக்கும் வேகத்தைவிட அதிகம். அதே நேரம் 20 ஜிபி மாடல் 8 ஜிபி கார்டுக்குள் அடங்காது. கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்கு வழிந்து, வேகம் தரைக்கு வந்துவிடும். 5090-க்கு நியாயம் கிடைக்கும் இடம் இதுதான்.

அதற்கும் மாற்று இருக்கிறது. 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒப்புதல் பெற்ற இந்தியாஏஐ திட்டத்தில், ஸ்டார்ட்-அப்களும் ஆய்வாளர்களும் மாணவர்களும் விண்ணப்பித்து, மானியத்தோடு மணிக்குச் சுமார் 65 ரூபாய்க்கு ஜிபியு பெறலாம். 2,14,000-ஐ 65-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3,300 மணி நேரம். தினமும் 3 மணி நேரம் ஓட்டினால் 3 வருடம்! திட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் கிளவுடில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். தினமும் நாள் முழுக்க ஓட்டுபவருக்குத்தான் சொந்தக் கார்டு கட்டுப்படியாகும்.

பில்லில் தெரியாத செலவு

5090-க்கு என்விடியா பரிந்துரைக்கும் பவர் சப்ளை 1,000 வாட், 5060-க்கு 550 வாட். கரன்ட் போனால், 900 விஏ வீட்டு இன்வெர்ட்டரில் 5090 கம்ப்யூட்டரை முழு வேகத்தில் ஓட்ட முடியாது. 18% ஜிஎஸ்டியும் உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ள ஃப்ரீலான்சர்கள் தொழிலுக்காக வாங்கினால், அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கோரலாம். பில் கட்டாயம் வாங்குங்கள்.

விலை குறையட்டும் என்று காத்திருக்கலாமா? 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் மெமரி விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான ‘குரூஷியல்’ வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. இப்போது தேவை என்றால், விலை இறங்கும் என்று நம்பி வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சுருக்கமாக

1080பி கேமிங், யூடியூப் எடிட்டிங்: பட்ஜெட் கார்டு போதும். முடிந்தால் 12 அல்லது 16 ஜிபி பார்த்து எடுங்கள். ஏஐ கற்றுக்கொள்கிறீர்கள்: 16 ஜிபி கார்டு, பெரிய மாடலுக்கு வாடகை. 4கே, கனமான 3டி, தினசரி பெரிய மாடல்: கார்டு சம்பாதித்துத் தரும் பணம் அதன் இஎம்ஐயைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போடுங்கள். தாண்டினால் 5090 ஒரு தொழில் கருவி. தாண்டாவிட்டால் அந்தக் காசில் நல்ல மானிட்டரும் எஸ்எஸ்டியும் வாங்கி, மீதியைச் சேமிக்கலாம்.