வயலுக்கு நஷ்ட ஈடு, யந்திரசாலைக்கு ஜலம்

தைவான் தீவின் ஜலச் சட்டத்தில் 18-வது பிரிவை மட்டும் படிப்பவர்கள், அந்நாட்டு விவசாயிகளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லையென்றே நினைப்பார்கள். வீட்டு உபயோகத்துக்கும் பொது ஜல விநியோகத்துக்கும் முதல் ஸ்தானம், விவசாயத்துக்கு இரண்டாவது, நீர் மின்சாரத்துக்கு மூன்றாவது, கைத்தொழிலுக்கு நாலாவது. சட்டத்தின் வரிசை இது. ஆயினும் 2021-ம் வருஷத்தில் அங்கே வறண்டு கிடந்தவை வயல்களேயன்றி யந்திரசாலைகளல்ல. இது எவ்வாறு நேர்ந்ததென்பதை நம் தேசத்தார் ஊன்றிக் கவனிப்பது அவசியம்.

தைவானின் நீர்த்தேக்கங்கள் பெருமளவுக்கு டைபூன் என்னும் புயல் மழையையே நம்பியிருப்பவை. 2020-ல் ஒரு புயலேனும் அத்தீவில் கரையேறவில்லை. 56 வருஷங்களில் அப்படி நேர்ந்ததில்லை. சர்க்கார் 2021-ம் வருஷத்து முதற்போக சாகுபடிக்குச் சுமார் 74,000 ஹெக்டேர் நிலத்தில் பாசனத்தை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரலில் தைச்சுங், மியாவ்லி முதலிய இடங்களில் வீடுகளுக்கே வாரத்தில் இரண்டு நாள் குழாய் ஜலம் கிடையாதென்று ஏற்பாடாயிற்று. யந்திரசாலைகளோ உபயோகத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, லாரிகளில் தண்ணீர் வரவழைத்து, இடைவிடாமல் வேலை செய்தன.

இந்த யந்திரசாலைகள் கம்ப்யூட்டர்களுக்கும் டெலிபோன்களுக்கும் வேண்டிய சிலிக்கான் சில்லுகளைச் செய்பவை. சிலிக்கான் தகட்டின்மேல் மயிரிழையினும் மெல்லிய கோடுகளை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதைக் கழுவவேண்டும். உப்பின் அணுவோ தூசியோ சிறிதும் இல்லாத பரிசுத்த ஜலம் அதற்குத் தேவை. அப்படிப்பட்ட ஜலத்தைத் தயாரிப்பதிலும் ஒரு பங்கு கழிந்துபோகிறது. டி.எஸ்.எம்.சி. கம்பெனிக்கு ஷிஞ்சு நகரிலுள்ள சாலைகள் மட்டும் 2019-ல் தினம் 63,000 டன் உபயோகித்தன. அந்நகரத்துக்கு ஜலம் தரும் பாவ்ஷான் நீர்த்தேக்கங்கள் இரண்டின் விநியோகத்தில் இது பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்காமல் சொல்வது நியாயம். தைவானின் ஜலத்தில் சுமார் 70 சதவிகிதம் விவசாயத்துக்கே போகிறது. கைத்தொழில்கள் எல்லாம் சேர்ந்து எடுப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சில்லுச் சாலைகள் உபயோகித்த ஜலத்தில் 85 சதவிகிதத்துக்கு மேல் சுத்தம் செய்து மறுபடி உபயோகிக்கின்றன. ஒரு டன் ஜலம் நெல்லாக மாறும்போது கிடைக்கும் பணத்தைவிடச் சில்லாக மாறும்போது கிடைக்கும் பணம் பன்மடங்கு. ஆகவே பஞ்சகாலத்தில் வயலை அடைத்துச் சாலைக்கு விடுவதே புத்தியுள்ள காரியம் என்கிறார்கள்.

பணக்கணக்கில் இது சரியே. ஆனால் அந்தக் கணக்கு நெல்வயலில் விட்ட ஜலமெல்லாம் செலவாகிப் போனதாக எண்ணுகிறது. அதில் ஒரு பகுதி மண்ணுள் இறங்கி நிலத்தடி ஊற்றாகிறது. கால்வாயை அடைத்தால் குடியானவன் கிணற்றில் பம்ப் வைத்து இறைப்பான். அளவுமீறி இறைத்ததன் பலனை யுன்லின் ஜில்லாவில் காணலாம். அங்கே பூமியே அமிழ்ந்து வருகிறது. அதிவேக ரயில் பாதைக்கே அதனால் ஆபத்து வருமோவென்று தைவான் சர்க்கார் கவலைப்பட நேர்ந்தது.

இதைவிட முக்கியமானது வரிசை தலைகீழானதன் ரகசியம். யந்திரசாலைகளுக்கு ஜலம் குழாய் வழியாகப் பொது விநியோகத்திலிருந்தே வருகிறது. நாலாம் ஸ்தானத்திலிருக்க வேண்டியவன் முதல் ஸ்தானத்தாரின் வாசல் வழியாக நுழைந்துவிடுகிறான்! கோர்ட்டுகளில் பழகியவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பிறகு சர்க்கார் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அது ஹெக்டேர்க் கணக்கில் கொடுக்கப்பட்டது. நிலமில்லாதவனுக்கு ஹெக்டேர் ஏது?

அதிகமாய் ஜலம் உறிஞ்சுவோர்மீது தைவான் 2023 முதல் தனிக் கட்டணம் விதித்திருக்கிறது. கழிவு ஜலத்தைச் சுத்தி செய்து சாலைகளுக்கு விடும் ஏற்பாடும் நடக்கிறது. நல்லதே. எனினும் அதே 2023-ல் சியானான் சமவெளியில் மறுபடி முதற்போகப் பாசனம் நிறுத்தப்பட்டது.

இந்தச் சமாசாரம் நமக்கு அந்நியமன்று. 2024 மார்ச்சில் குஜராத்தின் தோலேராவில், தைவானைச் சேர்ந்த பி.எஸ்.எம்.சி.யின் உதவியுடன் டாட்டா கம்பெனியார் கட்டும் சில்லுச் சாலைக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. காம்பே வளைகுடாவை ஒட்டிய அந்த உவர்நிலத்துக்கு நர்மதை ஜலமே கதி. அந்நதியின் பங்கீடு 1979-ல் டிரிபியூனல் தீர்ப்பால் முடிவானது. அணையும் கால்வாயும் ஏற்பட்டதன் பிரதான நோக்கம் பாசனம். சாலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சில்லுக்கு அயல்நாட்டின் வாசலில் கைகட்டி நிற்கும் நிலை ஒழியவேண்டுமென்பதே நம் கட்சி.

ஆனால் மழை பொய்க்கும் வருஷத்தில் யார் பட்டினி கிடப்பதென்று இப்பொழுதே எழுதிவைக்க வேண்டும். 1987, 2002 வருஷங்களின் தேசிய ஜலக் கொள்கைகளில் குடிநீர், அடுத்துப் பாசனம், கைத்தொழில் பின்னால் என்று வெளிப்படையான வரிசையிருந்தது. 2012-ன் கொள்கை அவ்வரிசையை நீக்கியது. குடிநீர், உணவு, ஏழை விவசாயியின் ஜீவனம் முதலியவற்றைக் கவனித்தபின் எஞ்சியதைப் பொருளாதாரப் பண்டமாகக் கருதலாமென்று அது சொல்கிறது. எஞ்சியது எவ்வளவென்று அளந்து சொல்ல வேண்டியவர் யார்? தைவானில் எழுதப்பட்ட வரிசையே காப்பாற்றவில்லையென்றால், எழுதப்படாத வரிசை எவனைக் காப்பாற்றும்?

2011 ஜனகணிதப்படி இந்தியாவில் நிலமுள்ள சாகுபடியாளர் 11.9 கோடி, கூலிக்கு உழைப்போர் 14.4 கோடி. கால்வாய் அடைபடும் போகத்தில் நாற்று நடுகிறவளுக்கும் கதிர் அறுக்கிறவனுக்கும் இத்தனை நாள் கூலி என்று நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் சேர்க்கவேண்டும். அந்தத் தொகையைச் சாலைக்காரர்களே முன்கூட்டிக் கட்டவேண்டும். தோலேராவில் முதல் தகடு கழுவப்படுவதற்குமுன் சட்டசபை அங்கத்தினர்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் இந்தக் கேள்வியைக் கிளப்புவார்களாக.