மந்தை முழுவதற்கும் மருந்து வேண்டுமா?

மழைக்காலத்தை ஒட்டிச் சித்தூர், திருப்பதி ஜில்லாக்களில் ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து புகட்டும் முகாம்கள் கூட்டப்படுவது வழக்கம். மந்தையை நிறுத்தி, எண்ணி, ஒவ்வோர் ஆட்டுக்கும் மருந்து கொடுத்து அனுப்புகிறோம். மாலையில் பதிவேட்டில் ஏறுவது மருந்து பெற்ற ஆடுகளின் எண்ணிக்கையே. புழு நீங்கிய ஆடுகளின் எண்ணிக்கையன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் பழக்கம் இனி நீடித்தலாகாது என்பது எமது அபிப்பிராயம்.

இப்பகுதி ஆடுகளை வாட்டும் புழுக்களுள் முதன்மையானது ஹீமாங்கஸ் என்னும் இரத்தம் உறிஞ்சும் புழு. இது ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்குகிறது. பெண்புழுவின் சிவந்த குடலும் வெண்ணிறக் கருப்பையும் கயிறுபோல் முறுக்கிக் கிடப்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லி லிட்டர் இரத்தத்தைக் குடிக்கிறது. அற்பமான அளவுதான், ஆனால் 1,000 புழுக்கள் இருப்பின் அது 50 மில்லி லிட்டர் ஆகிறது. பெண்புழு நாள்தோறும் 5,000 முட்டைகளுக்கு மேல் இடவல்லது. வெதுவெதுப்பும் ஈரமும் கூடினால் ஒரு வாரத்திற்குள் இளம்புழு புல்லின்மேல் ஏறி ஆட்டின் வாய்க்குக் காத்திருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இடத்தில் அதற்கு வாய்ப்பு மிகுதி.

மருந்தின் வல்லமைக்கோ எல்லை உண்டு. பீனோதயசின் என்ற பழைய மருந்துக்கு ஹீமாங்கஸ் அடங்காமற்போனது 1957-இல் அமெரிக்காவில் அறியப்பட்டது. 1961-இல் வந்த தயாபெண்டசோலுக்கு 1964-க்குள்ளேயே எதிர்ப்பு தோன்றிவிட்டது. இன்று நாம் கையாளும் ஆல்பெண்டசோலும் பென்பெண்டசோலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு எதிர்ப்புப் பெற்ற புழு மற்றதற்கும் பெரும்பாலும் பணியாது. மருந்துச் சீட்டில் பெயரை மட்டும் மாற்றுவதால் பயன் இல்லை. நம் நாட்டுப் பண்ணைகளிலும் இவ்வெதிர்ப்பு பதிவாகியுள்ளது.

இதன் முடிவு யாதாகும் என்பதைக் குதிரை வளர்ப்போரின் அனுபவம் காட்டுகிறது. குதிரையின் குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாயைச் சிதைத்து, கொடிய வயிற்றுவலியால் உயிரைப் போக்கும் பெரும்புழு ஒன்று உண்டு. அதை ஒழிக்க 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை மருந்து கொடுக்கும் முறையை டிரட்ஜ், லயன்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1966-இல் வகுத்தனர். முறை வென்றது, பெரும்புழு அரிதாயிற்று. ஆனால் குடற்சுவருக்குள் மாதக்கணக்கில் ஒளிந்துகிடக்கும் சிறுபுழுக்கள் மருந்தை எதிர்க்கக் கற்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1999-இல் டென்மார்க் அரசாங்கம், கால்நடை வைத்தியரின் சீட்டின்றி இம்மருந்தைக் கொடுத்தலாகாது என விதித்தது. பின்னர் அங்கே பெரும்புழு மீண்டும் தலைகாட்டியதையும் மறைத்தலாகாது. ஆகவே மருந்தை அறவே விடுக என்பது எமது வாதமன்று.

ஒரு மந்தையில் சில ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. எஞ்சியவை சிறிது புழுவுடன் நலமாகவே திரியும். எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்தால் உயிர் தப்புபவை எதிர்ப்புள்ள புழுக்கள் மட்டுமே. அடுத்த தலைமுறை அவற்றின் சந்ததியாகிவிடும். மருந்து படாத புழுக்கள் சில எஞ்சினால் அவற்றோடு கலந்து எதிர்ப்பு பரவுவது தாமதப்படும். மருந்து கொடுத்த உடனே புதிய மேய்ச்சலுக்கு ஓட்டுக என்று நாம் நெடுங்காலம் போதித்தோம். புதிய நிலத்தில் எதிர்ப்புள்ள புழுவை மட்டும் விதைக்கும் வழியாக அது முடியக்கூடும் என்று இன்று அறிகிறோம்.

எனவே ஆட்டின் கீழிமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாயின் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் மருந்து கொடுங்கள். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் உருவான ஐந்து நிற அட்டை இதற்கு உதவும். தாடையின் கீழ் நீர்வீக்கம் கண்டால் தாமதம் வேண்டாம். குட்டிகளுக்கும் ஈனும் தறுவாயில் உள்ள தாய்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். கல்லீரல் தட்டைப்புழுவாலும் இமை வெளுக்கும். குதிரைக்கோ இந்த முறை பொருந்தாது. அளவைக் கண்மதிப்பாகக் குறைத்துவிடுதல் எதிர்ப்பை வளர்க்கும் சுலபமான வழி. வெள்ளாட்டுக்குச் செம்மறியின் அளவு பெரும்பாலும் போதாது.

இடம்விட்டு இடம் மேயும் ஆட்டுக்காரர் மறுமுறை அகப்படமாட்டார், ஆதலால் வந்தபோதே அனைத்துக்கும் கொடுத்துவிடுதல் நலம் என்று களப்பணியாளர் கூறுவர். அந்தச் சங்கடம் மெய்யே. எனினும் இமை பார்க்க ஆட்டுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. ஆட்டுக்காரருக்கே கற்பித்தும் விடலாம்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரில் ஆட்டுப் புழுக்கையைக் கலக்கி, வடிகட்டி, குழாயின் விளிம்புவரை நிரப்பி, மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்தால், கால் மணி நேரத்தில் புழுமுட்டைகள் மிதந்து வந்து அதில் ஒட்டும். பள்ளி மைக்ராஸ்கோப்பில் அவை நன்கு தெரியும். (கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்க.) முட்டைகளை எண்ணுவதற்குத் தனிக் கருவி வேண்டும். அதற்குத் திருப்பதியில் 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிலையங்களை நாடலாம். மருந்து கொடுத்த நாளிலும் 10 முதல் 14 நாட்கள் கழித்தும் எடுத்த சாணத்தில் முட்டை எண்ணிக்கை 95 சதவீதத்திற்குக் குறைவாகவே குறைந்திருப்பின் எதிர்ப்பை ஐயுறல் வேண்டும். முகாம் பதிவேட்டில் இந்த எண்ணுக்கென ஒரு பத்தி ஒதுக்க அதிகாரிகள் முன்வருவார்களாக.