முழங்கால் தேய்மானத்துக்குப் பிஆர்பி ஊசி: ஆய்வில் போடலாம், காசுக்குப் போடக் கூடாது

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குப் பிஆர்பி (தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) ஊசியை வழக்கமான சிகிச்சைபோலக் கட்டணம் வாங்கிக்கொண்டு போடுவதை எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. போடுவதென்றால், முன்கூட்டியே பதிவு செய்து, ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்தும் ஆய்வில் மட்டும் போடலாம். அந்த ஆய்வில் சேருபவரிடம் ஊசிக்கென்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. மறுவாழ்வு மருத்துவர்களும் இயன்முறை, செயல்முறை சிகிச்சையாளர்களும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. எங்கள் உறுப்பினர் அனைவரையும் இந்த நிலைப்பாடு கட்டுப்படுத்தும். முழங்கை, தோள், குதிகால் தசைநார்களுக்குப் போடும் பிஆர்பி வேறு விவாதம். அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஊசி எப்படிப் போடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. கையிலிருந்து ரத்தம் எடுத்துக் குழாயில் அடைத்து, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே வைக்கோல் நிறத்தில் திரவம் தெளிகிறது. தட்டணுக்கள் செறிந்த அந்தப் பகுதியைச் சிரிஞ்சில் உறிஞ்சி, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். தட்டணுக்களிலிருந்து வெளியாகும் வளர்ச்சிக் காரணிகள் மூட்டின் அழற்சியைத் தணிக்கும், குருத்தெலும்பைக் காக்கும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். ஆய்வகத்தில் பார்த்தால் அந்த எண்ணத்துக்கு நியாயம் இருக்கிறது. நோயாளியின் கண்ணில் பார்த்தாலும் நம்பிக்கை பிறக்கும்: என் ரத்தம், என் கண்ணெதிரே சுத்தமாகி, என் முட்டிக்கே திரும்பிப் போகிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, அரைநாள் காத்திருந்து, டாக்டரே பக்கத்தில் உட்கார்ந்து போடுகிற ஊசி அது. வலி குறையும் என்று எதிர்பார்க்க இதைவிட என்ன வேண்டும்?

அந்த எதிர்பார்ப்பு ஒன்றே எவ்வளவு வலியைக் குறைக்கும் என்பதைத் தனியே பிரித்துப் பார்த்தால்தான் மருந்தின் வேலை தெரியும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன், சிட்னி நகரங்களில் நடந்து 2021இல் வெளியான ‘ரிஸ்டோர்’ ஆய்வு இதைச் செய்தது. 50 வயதைக் கடந்த, லேசானது முதல் நடுத்தரம் வரையான தேய்மானம் உள்ள 288 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லோரிடமும் ரத்தம் எடுக்கப்பட்டது. குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குப் பிஆர்பி, மறு பாதிக்கு வெறும் உப்புநீர். வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில், 10க்கு மதிப்பெண் தரும் வலி அளவையில் பிஆர்பி போட்டவர்களுக்கு 2.1 புள்ளி குறைந்திருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8 புள்ளி. இரண்டுக்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவே வரக்கூடிய அளவு சிறியது. எம்ஆர்ஐயில் அளந்த குருத்தெலும்பும் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேய்ந்திருந்தது.

இந்த 1.8 புள்ளியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கச் சொல்கிறோம். பிஆர்பி மட்டும் போட்டு, ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நடக்கும் ஆய்வில் இந்த உப்புநீர்ப் பயன் முழுவதும் பிஆர்பியின் கணக்கில் ஏறிவிடும். அது பொய்க்கணக்கு என்று ஆய்வு செய்தவருக்கே தெரியாது. தேய்மான வலி ஒரே சீராக இருப்பதில்லை; ஏறும், இறங்கும். தாங்க முடியாத வாரத்தில்தான் ஒருவர் டாக்டரைத் தேடி வருகிறார். அந்த வாரத்துக்குப் பிறகு, எதுவும் செய்யாவிட்டாலும், பெரும்பாலும் வலி ஓரளவு இறங்கத்தான் செய்யும். கூடவே நம்பிக்கை, கவனிப்பு, டாக்டர் மனம் கோணக் கூடாது என்று ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லும் நம் பண்பு எல்லாம் சேர்கின்றன. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது மட்டுமே ஊசியின் பயன். கழித்துப் பார்க்க ஒப்பீட்டுக் குழுவைத் தவிர வேறு வழி கிடையாது.

இது புதிதாகக் கற்ற பாடமும் அல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு ஆர்த்ரோஸ்கோப் (மூட்டுக்குள் நுழைக்கும் கேமராக் குழாய்) வழியாக மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். மீதிப் பேருக்குத் தோலில் கீறித் தைத்ததோடு சரி. இரண்டு ஆண்டு பார்த்தும் மூன்று குழுக்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஆறரை லட்சத்துக்கும் மேல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 டாலர் செலவில், இந்த அறுவை நடந்துகொண்டிருந்தது. செய்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. நோயாளி தேறி நடந்து போவதைக் கண்ணால் பார்த்தவர்கள். கண்ணால் பார்த்தது போதாது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

எங்கள் நிலைப்பாட்டுக்கு எதிராகச் சக மருத்துவர்கள் சொல்வதில் வலுவானது ஒன்று உண்டு. ‘ரிஸ்டோர்’ ஆய்வில் பயன்படுத்திய பிஆர்பியில் தட்டணுக்களின் செறிவு போதவில்லை. கூடுதல் செறிவில் போட்டால் பலன் வேறாக இருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். சாதகமான முடிவு காட்டிய ஆய்வுகளும் உண்டு. அவற்றில் பல சிறியவை. பிஆர்பி தயாரித்த விதம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. வழிகாட்டு நெறிகளே ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் கல்லூரி 2019 நெறிகளில் முழங்கால் தேய்மானத்துக்குப் பிஆர்பி வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் அகாடமி 2021இல், வலியைக் குறைக்கக்கூடும் என்று மட்டுப்பட்ட அளவில் இடம் கொடுத்தது. கேள்வி இன்னும் திறந்திருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. திறந்திருக்கும் கேள்விக்கான இடம் ஆய்வு. செறிவு கூடினால் பலன் உண்டு என்று நம்புபவர் அந்தச் செறிவில் உப்புநீரோடு ஒப்பிட்டு ஆய்வு நடத்தட்டும். எங்கள் உறுப்பினர்கள் நோயாளிகளை அனுப்பி, அளவீடுகளை எடுத்து, கூட நின்று உழைப்பார்கள். அதே நம்பிக்கையைக் கட்டண அட்டையில் போட்டு, மூன்று ஊசிக்கு இவ்வளவு என்று நோயாளியிடம் நீட்டுவதைத்தான் எதிர்க்கிறோம். விடை தெரியாத கேள்விக்கான செலவை வலியோடு வந்தவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஊசிக்கு ஒரு தராசு, எங்கள் சிகிச்சை அறைக்கு ஒரு தராசு என்று இருக்க முடியாது. நாள்பட்ட இடுப்பு வலி குறித்து உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் எனும் மின்தூண்டல், இழுவை சிகிச்சை, இடுப்பு பெல்ட் ஆகியவை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படாதவற்றின் பட்டியலில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றாவது இல்லாத பிசியோதெரபி நிலையம் நம் ஊர்களில் அரிது. ‘கரண்டு வைக்கிறது’ என்றே மக்கள் எங்கள் தொழிலை அடையாளம் சொல்கிறார்கள். பத்து நாள் கரண்டு என்று முன்பணம் வாங்கும் வழக்கத்தை எங்கள் உறுப்பினர்கள் விட வேண்டும் என்பதும் இந்த அறிக்கையின் பகுதியே.

உடற்பயிற்சிக்கும் விலக்கு இல்லை. டென்மார்க்கில் 206 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானத்துக்கான எட்டு வாரப் பயிற்சியையும் விளக்க வகுப்பையும், நான்கு உப்புநீர் ஊசிகளோடு ஒப்பிட்டார்கள். இங்கே ஊசியில் இருப்பது உப்புநீர் என்பதை மறைக்கவும் இல்லை. ஒன்பதாம் வாரத்தில் இரு தரப்பின் வலிக்குறைவிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இது இனிப்பான முடிவு அல்ல. ஆனாலும் எங்கள் வகுப்புகளில் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பயிற்சியை நாங்கள் தொடர்ந்து பரிந்துரைப்பதற்குக் காரணம், மூட்டைத் தாண்டி ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தொடை வலுவுக்கும் அது செய்யும் நன்மை வேறு வகையில் நிலைநாட்டப்பட்டிருப்பது. மூட்டுக்குள் கிருமி புகும் ஆபத்து அதில் இல்லை; கற்றுக்கொண்டவர் வீட்டிலேயே செலவில்லாமல் செய்யலாம். மூட்டு வலிக்கு மட்டும் அதன் தனிப் பயன் எவ்வளவு என்று கேட்டால், நாங்கள் வகுப்பில் சொல்லிவந்த அளவைவிடக் குறைவாக இருக்கலாம் என்றே சொல்வோம்.

ஆய்வு என்று பேசும்போது, எதை அளக்கிறோம் என்பது எங்களுக்கு மிகவும் முக்கியம். முழங்கால் ஆய்வுகளில் உலகெங்கும் புழங்கும் கேள்வித்தாள் கனடாவில் உருவான ‘வோமேக்’. மொத்தம் 24 கேள்விகள்: வலி பற்றி 5, இறுக்கம் பற்றி 2, அன்றாடச் செயல்கள் பற்றி 17. அந்தப் பதினேழில் சாக்ஸ் மாட்டுவது, கழற்றுவது, குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவது, காரில் ஏறி இறங்குவது எல்லாம் வருகின்றன. இவற்றை நடவுக்குப் போகும் ஐம்பத்தைந்து வயது அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் நமக்கு எங்க சாமி” என்பார். தாளில் அந்தக் கட்டங்கள் காலியாகவோ பூஜ்யமாகவோ நிற்கும். அவர் வலி அங்கே இல்லை. அரிவாள்மணையில் குந்தி உட்கார்ந்து எழுவதில், கழிப்பறையில் சுவரைப் பிடித்து எழுவதில், டவுன் பஸ்ஸின் முதல் படியில் கால் வைப்பதில், கோயிலில் தரையில் சம்மணமிட முடியாமல் தூணோரம் நின்றுவிடுவதில் இருக்கிறது. நல்ல தமிழில் மொழிபெயர்த்தாலும் கேள்வி மாறாதவரை விடை வராது. எழுந்து உட்காரும் சோதனையும் அப்படியே: 43 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணுகிறோம். தரையிலிருந்து எழுவதை யாரும் எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் நடக்கும் எந்த முழங்கால் ஆய்விலும், பன்னாட்டு அளவைகளோடு, தரையில் உட்கார்ந்து எழுவது, குந்துவது, பஸ் படி ஏறுவது ஆகிய மூன்றும் அளக்கப்பட வேண்டும். நோயாளிகளையே கூட்டி வைத்து, ‘எது முடிந்தால் இந்தச் சிகிச்சை உங்களுக்குப் பலித்தது என்பீர்கள்?’ என்று ஆய்வுத் திட்டம் எழுதும் முன்பே கேட்க வேண்டும்.

பதிவு பற்றிச் சுருக்கமாக. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 ஜூலையிலிருந்து இயங்குகிறது. 2018 ஏப்ரல் 1க்குப் பிறகு, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்யும் ஆய்வுகளை மட்டுமே அது ஏற்கிறது. பதிவில் எழுதிய முதன்மை அளவீடு ஒன்று, கட்டுரையில் வெளிவரும் அளவீடு வேறொன்று என்றால் அந்த ஆய்வை எங்கள் மாநாட்டு மேடையில் ஏற்ற மாட்டோம். முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிட வேண்டும். ஆய்வு தொடர்பான செலவை நோயாளி தலையில் சுமத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. ‘ஆய்வு’ என்று பெயர் வைத்துக் கட்டணமும் வாங்கும் இடங்களை அந்தந்த நெறிமுறைக் குழுக்கள் கேள்வி கேட்க வேண்டும்.

உப்புநீர் ஊசி போடுவது ஏமாற்று ஆகாதா என்று கேட்கிறார்கள். மறைத்தால் ஏமாற்று. ஒப்புதல் படிவத்தில் பெரிய எழுத்தில், பேச்சுத் தமிழில், “உங்களுக்கு மருந்து இல்லாத உப்புத்தண்ணி ஊசி வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. எது வந்ததுன்னு ஆய்வு முடியிற வரைக்கும் எங்களுக்கும் தெரியாது. வேண்டாம்னா இப்பவே சொல்லலாம், நடுவுல விலகலாம், உங்க வழக்கமான சிகிச்சை நிக்காது” என்று எழுதி, வாய்விட்டும் படித்துக் காட்ட வேண்டும். துணைக்கு வந்த மகனிடம் மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது; ஊசி ஏறப்போவது அம்மாவின் முட்டியில். இரு குழுக்களுக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு ஆலோசனை, தேவைப்பட்டால் வலி மருந்து எல்லாம் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும்.

அதுவரை வலியோடு வருபவருக்கு என்ன சொல்வது? தொடை முன்தசையை வலுவாக்கும் பயிற்சி, நடை, கூடுதல் எடை இருந்தால் குறைப்பது, மேலே தடவும் வலிநீக்கிக் களிம்பு, தேவைப்பட்டால் குறுகிய காலத்துக்கு மாத்திரை, கைத்தடி. மூட்டு முற்றிலும் தேய்ந்து இரவில் தூக்கமே போனவருக்கு மூட்டு மாற்று அறுவை பற்றி நேர்மையாகப் பேசுவது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே போகிறார்கள். வோமேக் தாளில் விட்டுப்போன தரையும் படியும் கழிப்பறையும் அவர்கள் கண்முன்னே இருக்கின்றன. பெரிய அளவில், பல மாவட்டங்களில் சேர்த்து ஆய்வு நடத்த இதைவிடப் பொருத்தமான அமைப்பு இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு ஆய்வுப் பயிற்சியும் அதற்கான நேரமும் ஊதியமும் தர வேண்டும் என்று மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த நிலைப்பாடு மாறக்கூடியது. தட்டணுச் செறிவை ஒவ்வொரு நோயாளிக்கும் அளந்து குறித்து, உப்புநீரோடு ஒப்பிட்டு, குறைந்தது ஓராண்டு பின்தொடர்ந்து, குந்தி எழுவதிலும் படி ஏறுவதிலும் நோயாளிகளே பொருட்படுத்தும் அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆய்வு ஒன்று வெளியாகி, அதைத் தொடர்பில்லாத இன்னொரு குழு செய்து பார்த்தும் அதே முடிவு வந்தால், பிஆர்பியைப் பரிந்துரைக்கும் அறிக்கையை நாங்களே எழுதுவோம்; அரசுக் காப்பீட்டில் அதைச் சேர்க்கவும் போராடுவோம்.