கண்டெடுப்பதற்கென ஒளித்து வைப்பவை

சென்ற ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையில், இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் வாழும் எமது தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஒருநாட் காலை அவருடைய இளைய மகனுடன் வயல்வழியே உலாவச் சென்றபோது, பதினொரு வயதினனாகிய அச்சிறுவன் திடீரெனப் பாதையை விட்டு விலகி, வேலியோரத்து முதுமரத்தின் பொந்தினுள்ளே முழங்கை வரை கையை விட்டான். "தொடாதே!" என்று நாம் கூவிய கூச்சலில் அப்பால் மேய்ந்து நின்ற பசுக்களும் தலை நிமிர்ந்தன. பாய்ந்து சென்று அவன் கையைப் பற்றி இழுத்தோம். அவனது உள்ளங்கையில் பச்சை வர்ணம் பூசிய சிறு டப்பா ஒன்று இருந்தது. "மாமா, இது விளையாட்டு" என்றான் அவன். எமது கையோ நடுங்கிக்கொண்டிருந்தது.

எம் வயதையொத்த வடபுலத்தாருக்கு அந்நடுக்கத்தை விளக்க வேண்டியதில்லை. காணியிற் கிடக்கும் அறியாத பேணியையோ பெட்டியையோ தொடலாகாது என்பது நாம் எழுத்தறிந்த காலத்திலேயே கற்ற பாடம். ஆசிரியத் தொழிலை ஏற்றபின் நாமே பிள்ளைகளுக்குப் படிப்பித்த பாடமுமாகும். போர் முடிந்த 2009இன் பின்னரும், மண்டையோடு தீட்டிய சிவப்புப் பலகைகளைக் கடந்து பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் வடக்கிலே பலர். இத்தகைய எமக்கு, முகமறியாத ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியைத் தேடிச் சென்று ஆவலோடு திறக்கும் விளையாட்டொன்று உலகெங்கும் நடைபெறுகின்றது என்பது நம்புதற்கரிய செய்தியாகவே இருந்தது.

அவ்விளையாட்டின் பெயர் ஜியோகாஷிங். அதன் பிறப்பு அண்மைக்காலத்ததே. செய்மதிகளின் துணைகொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். முறையிலே, பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்புகள் நூறு மீற்றர் வரை பிழைபடும் வண்ணம் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு தடையை வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீக்கப்பட்டது. மே 3ஆம் திகதி டேவ் உல்மர் என்பவர், ஒறெகன் மாநிலத்துப் பீவர்கிரீக் என்னும் ஊரின் அருகே, கறுத்தப் பிளாஸ்ரிக் வாளி ஒன்றைப் பாதி புதைத்து வைத்து, அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் அறிவித்தார். வாளியினுள்ளே புத்தகங்கள், கொஞ்சம் பணம், கவண் ஒன்று, அவரைப் பேணி ஒன்று முதலியன இருந்தன. கண்டெடுப்பவர் ஒன்றை எடுத்து வேறொன்றை வைக்கலாம். ஏட்டிற் பெயரெழுத வேண்டும். விதி இவ்வளவுதான். இன்றைய விதிகளின்படி உணவுப் பொருளை உள்ளே வைத்தல் ஆகாது, விலங்குகள் மோப்பம் பிடித்துவிடும். மண்ணைத் தோண்டிப் புதைத்தலும் ஆகாது. ஆகவே, அந்த முதல் வாளி இன்று ஒருகாலும் அனுமதி பெறாது!

டெவன் மக்களைக் கேட்டால் இவ்வரலாற்றை ஒப்பார். அங்குள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில், கிரான்மியர் குளம் என்னும் எட்டாத மூலையிலே, ஜேம்ஸ் பெரொற் என்ற வழிகாட்டி 1854ஆம் ஆண்டிலேயே கண்ணாடிப் போத்தல் ஒன்றை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து சென்றோர் தத்தம் பெயர்ச்சீட்டை அதிலிட்டு வந்தனர். செய்மதி இல்லாத காலத்துச் செய்தி இது. அப்போத்தலின் வழிவந்த தேட்டம் அம்மேட்டுநிலத்தில் இன்றும் வழக்கிலுள்ளது.

நிற்க. எம்மைக் கவர்ந்தவை பெட்டிகளே. மருமகனது அறையில் ஒரு தட்டு நிறைய அவை இருந்தன. கடையில் வாங்குவனவற்றை அவன் மதிப்பதில்லை. கையாற் செய்தவற்றையே எடுத்துக் காட்டினான். போல்ற் என்று நாம் வழங்கும் பெரிய மரையாணியின் வயிற்றைக் குடைந்து, தலை கழலுமாறு செய்து, உள்ளே விரலகலத் தாட்சுருளை வைத்த ஒன்று. இரும்புப் பாலத்தில் நூறு ஆணிகளுக்கு நடுவே இது நூற்றோராவதாக இருந்துவிட்டால் எவர் கண்டார்? மலைநாட்டுப் பைன் தோப்புகளைக் கண்டோர் அம்மரத்தின் செதிற்காயை அறிவர். அதன் அடியைத் துளைத்துச் சிறு குழாயை ஒட்டி, மெல்லிய கம்பியால் மற்றைக் காய்களோடு தொங்கவிடுவார்களாம். ஆனால் பைன் காய் ஈரத்தில் செதில் மூடுவது, வெயிலில் விரிவது. கனத்த வார்னிஷ் பூசிய பொய்க்காயோ மழைநாளிலும் விரிந்தபடியே நின்று தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும். "மழையில் தேடப் போக வேண்டும் மாமா" என்று அவன் சொன்ன தந்திரம், தாவரவியல் கற்பிக்கும் எம் நண்பருக்குச் சொல்லத்தக்கது.

இன்னொன்று நீளமான குழாய். அடி மூடியது, மேல் திறந்தது, மரத்தோடு கட்டப்படுவது. மரத்தில் ஆணி அடித்தல் விதிக்குப் புறம்பு. உள்ளே ஆழத்தில் மிதக்கும் டப்பா கிடக்கும், கை எட்டாது. நீர் வார்த்தால் மேலே எழும்பி வரும். காகமும் குடமும் கதையைப் படித்த பிள்ளைக்கு இது புதிதன்று. ஆயின் செய்தவர் குறும்பர். குழாயின் பக்கத்தில் நாலைந்து துளைகளை வேறு இட்டிருப்பார். ஒருவர் விரல்களால் துளைகளை அடைக்க, மற்றவர் நீர் வார்க்க வேண்டும். தனியே சென்றவர் திரும்பி வந்து துணை தேட வேண்டியதே.

இக்கலையின் பெரும்பகை நீர். படச்சுருள் கமராக்கள் இருந்த காலத்தில் எம் வீடுகளிலும் கிடந்த 35 மில்லிமீற்றர் படச்சுருள் டப்பாவே தொடக்கத்தில் பலருக்குக் கைகொடுத்தது. அதன் மூடியோ வெளியே கிடந்தால் நாளடைவில் நீர் விடும். மைப் பேனாவால் எழுதிய பெயர்கள் கரைந்துவிடும். ஆகையால் பென்சிலே சிறந்தது. குளிர்பானப் போத்தல் ஊதப்படுவதற்கு முன்னர், தடித்த சுவரும் மரையுள்ள வாயுமாகச் சோதனைக்குழாய் போல் இருக்கும் பிளாஸ்ரிக் துண்டை இப்பொழுது பலர் விரும்புகின்றனர். போத்தல் மூடியே அதற்கும் பொருந்தும். எல்லாவற்றிலும் உறுதியானது எதுவென்று கேட்டோம். அமெரிக்க இராணுவத்தின் துப்பாக்கி ரவைப் பெட்டியைக் காட்டினான். உருக்குத் தகடு, மூடியைச் சுற்றி றப்பர், இறுகப் பூட்டும் கொளுக்கி. உள்ளே ஒரு ரப்பர் வாத்தும் இரண்டு கண்ணாடி மணிகளும் இருந்தன. நாம் நெடுநேரம் அதை மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

எமது அச்சம் எமக்கு மாத்திரம் உரியதன்று. 2011 யூலையில் யோக்சயரிலுள்ள வெதர்பி நகரத்தில், உணவுச்சாலை ஒன்றின் அருகே ஒருவர் மறைத்து வைத்த சிறு பெட்டியைக் கண்டு ஐயுற்றவர்கள் பொலிசாரை அழைத்தனர். வெடிகுண்டு அகற்றுவோர் வந்து அதைத் தகர்த்தனர். அது இவ்விளையாட்டுப் பெட்டியே.

இதை அறிந்த பின்னரே மருமகனோடு எமக்கு வாக்குவாதம் தோன்றியது. தான் ஒளிக்கப்போகும் முதற்பெட்டிக்கு, இருபுறமும் மூடியிட்டுக் கறுத்த நாடா சுற்றிய குழாய்த்துண்டு ஒன்றை அவன் ஆயத்தம் செய்திருந்தான். ஆகாது என்றோம். "பார்த்ததும் விளங்கினால் ஒளித்து என்ன பயன்?" என்றான். கேள்வி நியாயமானதே. தேடாதவர் கண்ணுக்குப் படக்கூடாது. பட்டாலோ அவரைக் கலங்கச் செய்யவும் கூடாது. இரண்டும் ஒருங்கே கைகூடுவது எப்படி? இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. தமக்கையார் எம்மிருவரையும் சமையலறையிலிருந்து துரத்தினார்.

முடிவில், காற்றில் முறிந்து விழுந்திருந்த மணிக்கட்டுப் பருமனான கொப்பொன்றை எடுத்தோம். நான்கு விரல் நீளத்தை மூடிக்கென அறுத்து, எஞ்சிய துண்டை அத்தானின் துளைபொறியாற் குடைந்தோம். மூடி அசையாதிருக்க ஒரு மரமுளை. குடைவினுள்ளே, உள்ளிருப்பது தெரியத்தக்க, நிறமற்ற போத்தற்குழாய். அதனுள் உலர்ந்த தாளொன்றை இட்டு இரவு முழுதும் வாளி நீரில் அமிழ்த்தி வைத்தோம். காலையில் தாள் கூழாகியிருந்தது! மூடியின் மரையில் பசைத் துகள் ஒட்டியிருந்ததே காரணம். சுரண்டி நீக்கி மறுபடி அமிழ்த்தினோம், இம்முறை நனையவில்லை. "இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்தற்றது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் குழாயைச் சுற்றி உட்புறம் வைத்தான். அதன் கீழே தமிழிலும் ஏதாவது எழுதென்றோம். "பயப்பட வேண்டாம்" என்று எழுதினான். புள்ளி வருமிடங்களை எம்மிடம் கேட்டான்.

வேலிக்குரிய கமக்காரரிடம் அனுமதி பெற்று, அந்த முதுமரத்தின் அயலிலேயே வைத்தோம். இணையத்தில் வெளிவருமுன் தொண்டர் ஒருவர் விபரங்களைச் சரிபார்ப்பது வழக்கமாதலால், அறிவித்தல் வருவதற்குள் எமது விடுமுறை முடிந்துவிட்டது.

ஒக்ரோபரில் ஒரு மாலை, வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்த வேளையில் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். முதலாவதாகக் கண்டெடுத்தவர், பெருமழைக்கு மறுநாள் சென்றாராம். தாள் உலர்ந்திருந்தது என்று எழுதியிருந்தாராம். கீழே உள்ள எழுத்து எந்த மொழி, என்ன பொருள் என்றும் கேட்டிருந்தாராம்.