மண்ணை அளக்காத கணக்கு

செங்குத்து வான்கம்பியொன்றை நிறுத்துவோர், அதன் உயரத்தை அங்குலம் பிசகாமல் அளப்பர்; அது நிற்கும் மண்ணையோ அளப்பதில்லை. கணிப்பொறி வந்த பின்னரும் இக்குறை நீங்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

7.1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் அமெச்சூர் வானொலியாளருக்குக் கால் அலைநீள வான்கம்பி ஏறத்தாழ 10.5 மீட்டர் உயரம் வேண்டும். குறையற்ற கடத்தியாகிய தரைமீது அதன் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம் ஆகும். உண்மையான மண்ணோ குறையற்ற கடத்தியன்று. வான்கம்பியின் மின்னோட்டம் மண்வழியே திரும்பும்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகி விழலுக்கு இறைத்த நீராகிறது.

இதில் ஓர் ஏமாற்றமும் உண்டு. மண்ணின் இழப்புத் தடை 14 ஓம் எனின், மொத்தம் 50 ஓம் ஆகி, 50 ஓம் வடத்துடன் செவ்வனே பொருந்தும். அளவி நற்செய்தி கூறும். ஆயினும் 100 வாட்டில் 28 வாட் மண்ணைச் சூடாக்கவே செலவாகும். தரைக்கம்பிகளைக் கூட்டினால் இழப்பு குறையும். பொருத்தமோ சற்றுக் கெடும். உண்மை அறியாதவர் முன்னேற்றத்தைப் பின்னடைவெனக் கருதி, இட்ட கம்பிகளை அகற்றவும் கூடும்.

1937-இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் ஆகியோர் தரைக்கம்பிகளின் எண்ணிக்கையை மாற்றி மாற்றி அளந்து இவ்விழப்பை விளக்கினர். ஒலிபரப்புக் கோபுரங்களைச் சுற்றி 120 கம்பிகளைப் புதைக்கும் வழக்கத்திற்கு அவ்வாய்வே அடிப்படையாயிற்று. 1981-இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த நெக்-2 என்னும் நிரல், மண்ணின் இயல்பையும் கணக்கில் கொள்கிறது. எனினும் புதைத்த கம்பிகளை அதனால் கணிக்க இயலாது. எளிய மினிநெக் நிரலோ, கம்பியின் மின்னோட்டத்தைக் காணும்போது தரையைக் குறையற்றதாகவே கொள்கிறது. அது தரும் 36 ஓம் எனும் விடையை நம்பியவர் இழப்பே இல்லையென எண்ணிவிடுவர்.

திருப்பூணித்துறையை எடுத்துக்கொள்வோம். அரண்மனை நிற்கும் குன்று செம்பூரான் கல் நிலம். சற்றுத் தொலைவில் வேம்பநாட்டுக் காயலின் நீர். மழைக்காலத்தில் அந்நீரின் உவர்ப்புக் குறையும்; கோடையில் மிகும். கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 5 சீமன்ஸ். நடுத்தர மண்ணினுடையது 0.005 மட்டுமே. ஆயிரம் மடங்கு வேறுபடும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஊரில், நிரலில் 'நடுத்தர மண்' என ஒரே மதிப்பை இட்டுப் பெறும் விடை எவ்வளவு நம்பத்தக்கது?

இதற்குப் பரிகாரம் அரிதன்று. வான்கம்பியின் அடியில் தடையை அளந்து, கணித்த மதிப்புடன் ஒப்பிடுக. கம்பிகளை நான்கு நான்காகச் சேர்த்து மீண்டும் அளக்க. முதற் சில கம்பிகளின் பயன் பெரிது. பின்னவற்றின் பயன் படிப்படியாகக் குறையும். தடை மேலும் இறங்காதவிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். 120 கம்பிகளுக்குச் செலவிட வேண்டுவதில்லை. இவ்வளவீட்டை மழையிலும் கோடையிலும் செய்து பதிவுசெய்யும் பணியைக் கல்லூரி மாணவரும் அமெச்சூர் சங்கங்களும் மேற்கொள்ளல் வேண்டும்.

இது பொழுதுபோக்கினரின் ஆராய்ச்சி மட்டுமன்று. 2018-ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தில், தொலைபேசி செயலற்ற இடங்களில் அமெச்சூர் வானொலியாளர் செய்திகளைச் சுமந்தனர். மின்கலத்தால் இயங்கும் கருவிக்கு அத்தகைய வேளையில் ஒவ்வொரு வாட்டும் அரியது. கணிப்பொறி நாம் இட்ட மண்ணைக் கொண்டே கணக்கிடும். நம் காலடியிலுள்ள மண்ணை அதற்குச் சொல்லவேண்டியவர் நாமே.