கேள்வி–பதில்: வீட்டுப் பந்தலுக்குக் கல்தூண் தேவையா?

‘வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 10 அடியில் மூங்கில் பந்தல் போட்டு, ஆடியில் புடலையும் அவரையும் ஏற்றினேன். ஐப்பசி மழையில், காய்க்கிற நேரம் பார்த்துப் பந்தலே சாய்ந்துவிட்டது. மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கல்தூண் நட்டுவிடலாமா?’
– வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்.

கடன் வாங்க வேண்டாம். ஏக்கர் கணக்கில் பாகல், புடலை போட்டுச் சந்தைக்கு அனுப்புகிறவர்களுக்குத்தான் கல்தூண் கட்டுப்படியாகும். உங்களுடையது கால் சென்ட் இடம்.

பந்தல் சாய்ந்ததற்கு மூங்கிலைக் குறை சொல்ல முடியாது. மழையில் நனைந்த கொடியின் பாரம், இளகிய மண், அதோடு காற்று. ஒரு அடி ஆழத்தில் நட்டிருந்தால் கல்லே ஆனாலும் ஆடத்தான் செய்யும்.

மூங்கிலோ சவுக்கோ, 8 அடிக் கால் எடுங்கள். 2 அடி மண்ணுக்குள் போகட்டும். அந்தப் பகுதியைத் தீயில் கருக்கித் தார் பூசிவிட்டால் கரையான் சீக்கிரம் அண்டாது. 5 அடிக்கு ஒரு கால் என்று 9 கால்கள் போதும். மூலைக் கால் நான்கையும் சற்று வெளிப்பக்கமாகச் சாய்த்து நட்டு, வெளியே முளை அடித்துக் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். பந்தலைக் காப்பாற்றுவது இந்த இழுவைக் கம்பிதான்; நம்மில் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறோம். ஓரத்துக்குக் கம்பி, உள்ளே ஒரு அடிக் கட்டமாகக் கயிறு.

மூலைக் கால்களை ஒட்டி இப்போதே கிளுவை அல்லது கல்யாண முருங்கைப் போத்து நட்டு வையுங்கள். மரக்கால் இற்றுப்போகும்போது அது உயிர்க்காலாக நிற்கும். கல்யாண முருங்கைத் தழை ஆட்டுக்கும் ஆகும். நிழல் கட்டாமல் அவ்வப்போது கழித்துவிட வேண்டும்.

இன்னொன்று. புடலையையும் அவரையையும் ஒரே பந்தலில் ஏற்றாதீர்கள். நம் பழைய பந்தல் அவரை, ஆடியில் ஊன்றினாலும் பனி இறங்கும் காலத்தில்தான் பூக்கும். அதுவரை வெறும் தழையாகப் படர்ந்து புடலையை மூடிவிடும், பாரமும் இரட்டிப்பாகும். அவரையை வேலியில் விடுங்கள்.

புடலைக் கொடி பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளுங்கள். மேலே ஏறியதும் நுனியைக் கிள்ளினால் நாலா பக்கமும் படரும். முதலில் வருவது ஆண் பூக்கள். உதிர்கிறதே என்று மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். பிஞ்சு நுனியில் கல் கட்டுவது நீளப் புடலை நேராக வளர்வதற்கு மட்டுமே. குட்டைப் புடலைக்கு அந்த வேலையும் மிச்சம்.