பாதி விலை என்றால் மலிவா?

சந்தை சரிந்தால் போதும், "பாதி விலைக்குக் கிடைக்குதுங்க, வாங்கிப் போடுங்க" என்று சொல்ல நம்மூரில் ஆள் குறைவில்லை. அதிலும் மென்பொருள் பங்கு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் பாதி விலை என்பதாலேயே ஒரு பங்கு மலிவாகிவிடாது என்பது என் கட்சி.

சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸையே எடுத்துக்கொள்வோம். கம்பெனிகளுக்கு மாத, வருடச் சந்தாவில் மென்பொருள் விற்கிறவர்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 36 டாலருக்குப் பங்கு வெளியிட்டார்கள். முதல் நாளே 47 டாலரைத் தாண்டியது. 2022-ல் அங்கே வட்டி ஏற, 15 டாலருக்கும் கீழே விழுந்தது.

சரி, கம்பெனி படுத்துவிட்டதா? அதுதான் இல்லை! 2021-ல் சுமார் 37 கோடி டாலராக இருந்த ஆண்டு வருமானம் 2024-ல் 72 கோடி. வியாபாரம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் 36 டாலருக்கு வாங்கியவருக்கு 2024 முடிவில் பாதிகூட மிஞ்சவில்லை. பல வருட வளர்ச்சிக்கான காசை முதல் நாளே கொடுத்துவிட்டார்களே!

கோவையில் பழைய மில்லை வாங்குகிறவர், முன்பு என்ன விலைக்குப் போனது என்றா பார்க்கிறார்? எத்தனை ஸ்பிண்டில் ஓடுகிறது, மாதம் என்ன மிஞ்சுகிறது என்றுதானே கேட்பார்? மென்பொருளுக்கும் அதே கணக்குதான். பழைய வாடிக்கையாளர்கள் சந்தாவைப் புதுப்பிக்கிறார்களா? கையில் ரொக்கம் மிஞ்சுகிறதா? ஊழியர்களுக்குப் பங்கு பங்காகக் கொடுத்து நம் பங்கைக் கரைக்கிறார்களா?

மூன்றுக்கும் பதில் தெரிந்தால் வாங்குங்கள். தெரியாவிட்டால் காசு பேங்கிலேயே இருக்கட்டும். ஃபீஸ் கட்ட வைத்திருக்கும் பணத்தை மட்டும் தொடவே வேண்டாம், நண்பர்களே!